'மேட் மான்ஸ்டர் பார்ட்டி?': பிள்ளைகளோடு முதல் முறை பார்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

1967-இல் வந்த 'மேட் மான்ஸ்டர் பார்ட்டி?' ஒரு பொம்மைப் படம். டிராகுலா, ஃபிராங்கன்ஸ்டைன் பூதம், மம்மி, ஓநாய் மனிதன் என்று பழைய திகில் படங்களின் ஆட்களையெல்லாம் ஒரே கோட்டையில் கூட்டி, விருந்து வைத்து, கலாட்டா செய்கிற குடும்ப நகைச்சுவை. ஒவ்வொரு அசைவும் கையால் பொம்மையைத் துளி நகர்த்தி, ஒரு படம் எடுத்து, மறுபடி துளி நகர்த்திச் செய்தது. ஸ்டாப் மோஷன் என்பது அதுதான்.

இந்தப் படத்தைச் சும்மா போட்டுவிட்டு உட்கார்ந்தால் இன்றைய பிள்ளைகள் பாதியில் எழுந்து போய்விட வாய்ப்பு அதிகம். கதை நிதானமாகத்தான் போகும். சிரிப்பில் பாதி, நாம் ஏற்கெனவே அறிந்த ஆட்களைச் சீண்டுவதில் இருக்கிறது. அவர்களை அறியாத பிள்ளைக்கு அது சிரிப்பாகவே படாது. என்னைக் கேட்டால், கதையைப் பின்னால் தள்ளிவிட்டு, பொம்மைகளின் நடிப்பை முன்னால் வைத்துப் பார்க்க வேண்டிய படம் இது. கீழே சொல்லும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: சரியான படம்தானா என்று பாருங்கள்

பெயரின் கடைசியில் கேள்விக்குறி உண்டு. தயாரித்தவர்கள் ஆர்தர் ராங்கின் ஜூனியரும் ஜூல்ஸ் பாஸும். இயக்கியவர் ஜூல்ஸ் பாஸ். இதே இருவர் 1972-இல் 'மேட் மேட் மேட் மான்ஸ்டர்ஸ்' என்று கிட்டத்தட்ட அதே பெயரில் தொலைக்காட்சிக்கு ஒரு படம் செய்தார்கள். அது கையால் வரைந்த கார்ட்டூன், பொம்மை கிடையாது. தேடும்போது இரண்டும் கலந்து வரும். படத்தின் நீளம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமா, உருவங்கள் பொம்மைகளா என்று இரண்டையும் பார்த்துவிட்டால் போதும்.

மங்கலான பிரதியைத் தயவுசெய்து தவிருங்கள். துணியின் நெசவும் முடியின் இழையும் தெரிந்தால்தான் இந்தப் படத்தின் அழகு தெரியும். அதனால் கைபேசித் திரையும் வேண்டாம். வீட்டில் இருக்கிற பெரிய திரையில், வெளிச்சத்தைக் குறைத்து, ஆங்கில வசன வரிகளை ஓடவிட்டுப் பாருங்கள். வார்த்தை விளையாட்டுகள் ஏராளம். காதுக்கு நழுவுவதைக் கண் பிடித்துக்கொள்ளும்.

படி 2: விருந்தினர்களை முன்கூட்டியே அறிமுகம் செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. படம் பார்ப்பதற்கு ஓரிரு நாள் முன்பு, சாப்பிடும்போதோ தூங்கப் போகும்போதோ, ஆளுக்கு இரண்டு வரி சொல்லி வையுங்கள். முழுக் கதையும் தேவையில்லை. ஆளின் ஒரே ஒரு குணம் தெரிந்தால் போதும்.

கதை இதுதான். கரீபியன் கடலில் ஒரு தீவு. அங்கே கோட்டை கட்டி வாழும் விஞ்ஞானி பாரன் போரிஸ் வான் ஃபிராங்கன்ஸ்டைன், பொருள் எதையும் அடியோடு அழித்துவிடும் ஒரு திரவத்தைக் கண்டுபிடிக்கிறார். உலகப் பூதங்களின் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். பதவியிலிருந்து ஓய்வு பெறப் போவதை அறிவிக்க, வௌவால்கள் மூலம் எல்லோருக்கும் அழைப்பு அனுப்புகிறார். அடுத்த தலைவராக அவர் மனத்தில் வைத்திருப்பது உறவுக்காரப் பையன் ஃபீலிக்ஸை. ஃபீலிக்ஸ் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் கண்ணாடி போட்ட சாது. பூதம் கீதம் எதுவும் அவனுக்குத் தெரியாது. பதவிக்கு ஆசைப்படும் மற்றவர்கள் அவனை ஒழித்துக்கட்டப் பார்க்கிறார்கள். தன்னைக் கொல்ல முயற்சி நடக்கிறது என்பதே தெரியாமல் அவன் ஒவ்வொன்றாகத் தப்பிக்கிறான். இவ்வளவையும் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடலாம், படத்தின் ருசி குறையாது.

இனி ஆட்கள். டிராகுலா: ரத்தம் குடிப்பவன், ஆனால் பிரபு வீட்டு மரியாதை மாறாதவன். மம்மி: எகிப்தில் துணி சுற்றிப் புதைக்கப்பட்டு எழுந்து வந்தவன். ஓநாய் மனிதன்: முழுநிலவு வந்தால் உடம்பெல்லாம் முடி முளைப்பவன். கண்ணுக்குத் தெரியாத மனிதன்: உடை மட்டும் நடமாடும், உள்ளே ஆள் இருப்பது தெரியாது. கறுப்புக் காயலின் நீர்வாழ் உயிரி: செதிலும் செவுளும் உள்ளது. இவர்கள் எல்லோரும் ஹாலிவுட்டின் யுனிவர்சல் நிறுவனம் 1931-இலிருந்து 1954 வரை எடுத்த திகில் படங்களில் புகழ்பெற்றவர்கள். கூடவே, பாதி நல்லவனும் பாதி கெட்டவனுமான டாக்டர் ஜெக்கில், பாரிஸ் நகரத்து நோத்ர் டாம் தேவாலயத்தின் கூனன் என்று 19-ஆம் நூற்றாண்டு நாவல்களிலிருந்து வந்த இருவர். ஃபிராங்கன்ஸ்டைன் செய்த பூதமும் அதன் மனைவியும் கோட்டையிலேயே குடியிருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: ஃபிராங்கன்ஸ்டைன் என்பது பூதத்தைச் செய்த விஞ்ஞானியின் பெயர். பூதத்துக்கு மூல நாவலில் பெயரே கிடையாது. பெரியவர்கள்கூட இதை மாற்றிச் சொல்வது வழக்கம். இந்தப் படத்தில் விஞ்ஞானி, பூதம் இரண்டு பேருமே வருவதால் குழம்பிவிடும்.

அழைக்கப்படாத ஒரு விருந்தாளியும் உண்டு. மலையளவு குரங்கு. படம் அதற்குப் பெயர் வைக்காமல் 'அது' என்றே கூப்பிடுகிறது. முந்தைய விருந்தில் அது செய்த அட்டகாசத்தால் பாரன் அதைக் கூப்பிடவில்லை. 1933-இன் 'கிங் காங்' பற்றி நாலு வரி சொல்லிவையுங்கள்: ராட்சதக் குரங்கு, கையில் ஒரு பெண், வானளாவிய கட்டடத்தின் உச்சியில் நிற்கும்போது சுற்றிச் சுற்றிச் சுடும் விமானங்கள். அந்தக் காட்சியை இந்தப் படம் எப்படித் திருப்பிப் போடுகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். இன்னொன்று, அந்தப் பழைய காங்கும் வில்லிஸ் ஓபிரையன் ஸ்டாப் மோஷனில் அசைத்த பொம்மைதான். அந்தக் கலையின் மூத்த நாயகனுக்கு இந்தப் பொம்மைகள் செய்யும் மரியாதையாகவே நான் இதைப் பார்க்கிறேன்.

படி 3: குரல்களைக் கவனிக்கச் சொல்லுங்கள்

பாரனுக்குக் குரல் கொடுத்தவர் போரிஸ் கார்லாஃப். 1931-இல் ஃபிராங்கன்ஸ்டைனின் பூதமாக நடித்து, தட்டையான தலையும் கழுத்தில் ஆணியுமாக உலகத்துக்கே அந்த உருவத்தைத் தந்தவர் அவர். முப்பத்தாறு வருடம் கழித்து இங்கே பூதத்தைச் செய்தவனாகப் பேசுகிறார். படம் வந்தபோது வயது 79. 1969 பிப்ரவரியில் காலமானார். பாரன் பொம்மையின் முகமும் கார்லாஃபின் முகச் சாயலில்தான் செய்யப்பட்டிருக்கிறது: அடர்ந்த புருவம், ஒட்டிய கன்னம். ஓய்வு பெறப் போகும் தலைவன் என்ற கதைக்கு, வாழ்நாள் முழுவதும் திகில் படங்களில் உழைத்த ஒரு கிழவரின் நிதானமான குரல் எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு இந்தப் படத்தில் மிகப் பிடித்தது அந்தக் குரல்தான்.

பூதத்தின் மனைவியாகப் பேசியவர் ஃபில்லிஸ் டில்லர், அமெரிக்க மேடை நகைச்சுவையில் பெரிய பெயர். அவருடைய கரகரத்த நீளச் சிரிப்பும் சிலிர்த்து நிற்கும் முடியும் பொம்மையில் அப்படியே இருக்கின்றன. பாரனின் காரியதரிசி ஃபிரான்செஸ்காவாகப் பாடகி கேல் கார்னெட்.

மீதிப் பெரும்பாலான ஆண் பாத்திரங்களுக்கு ஒரே ஆள்: ஆலன் ஸ்விஃப்ட். பிள்ளைகளிடம் இதை முதலில் சொல்லாதீர்கள். படம் முடிந்தபின், "ஃபீலிக்ஸ், டிராகுலா, வேலைக்காரன் யெட்ச், கண்ணுக்குத் தெரியாத மனிதன், நாலு பேருக்கும் ஒரே குரல்காரர்" என்று சொல்லுங்கள். நம்ப மாட்டார்கள். ஃபீலிக்ஸில் நடிகர் ஜேம்ஸ் ஸ்டுவர்ட்டின் தயக்கமான இழுவை, யெட்ச்சில் பீட்டர் லோரியின் மூக்கொலி, கண்ணுக்குத் தெரியாதவனில் சிட்னி கிரீன்ஸ்ட்ரீட்டின் கனத்த குரல் என்று அன்றைய நடிகர்களைப் போலப் பேசியிருக்கிறார். தாத்தா பாட்டி பழைய ஹாலிவுட் படங்கள் பார்த்தவர்கள் என்றால் அவர்களையும் கூட உட்கார வையுங்கள், யார் குரல் என்று அவர்கள்தான் முதலில் சொல்வார்கள்.

படி 4: பெற்றோர் முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவை

ஏழு, எட்டு வயதுக்கு மேல் என்றால் தாராளமாகப் பார்க்கலாம். அதற்குக் கீழே என்றால் மடியில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். ராட்சதக் குரங்கு வரும் பகுதி சின்னப் பிள்ளைகளை அதிர வைக்கலாம்.

இரண்டு விஷயங்களில் படத்தின் வயது தெரியும். ஒன்று, பெண்களைக் காட்டும் விதம். ஃபிரான்செஸ்காவின் உடையும் நடையும் பெரியவர்களை நினைத்துச் செய்தவை. ஓரிடத்தில் பயத்தில் அலறும் அவளை ஃபீலிக்ஸ் கன்னத்தில் அறைகிறான், அந்த அறையிலேயே அவளுக்குக் காதல் வந்துவிடுகிறது. அந்தக் காலத்துச் சினிமாவில் சர்வ சாதாரணமாக இருந்த காட்சி இது. பிள்ளைகள் இருக்கும்போது அதைக் கண்டும் காணாமல் விட்டுவிடக் கூடாது. அங்கேயே நிறுத்தி, "இது தப்பு, அடிப்பது யாரையும் சமாதானப்படுத்தாது" என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

இரண்டு, அந்த அழிவுத் திரவம். அமெரிக்காவும் சோவியத் நாடும் அணுகுண்டுகளைக் குவித்துக்கொண்டிருந்த வருடங்களில் எழுதிய கதை இது. பாரனின் சிறிய குப்பி எதைக் குறிக்கிறது என்று பெரிய பிள்ளைகளிடம் கேட்கலாம். தொடக்கத்திலேயே ஒரு அண்டங்காக்கையின் மேல் அவர் அதைச் சோதித்துப் பார்க்கிறார். எட்கர் ஆலன் போ 1845-இல் எழுதிய புகழ்பெற்ற கவிதையின் வரி ஒன்று அங்கே ஜோக்காக வந்து விழும். கடைசிப் பகுதியில் அந்தக் குப்பிக்கு வேலை இருக்கிறது என்பதையும், இவ்வளவு நேரம் சிரிக்க வைத்த ஆட்களுக்கு அது நல்ல சேதி இல்லை என்பதையும் மென்மையான மனசுள்ள பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வைப்பது நல்லது. அதற்கப்புறம் வரும் படகுக் காட்சியை மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள். நானும் இங்கே சொல்லப் போவதில்லை.

படி 5: இரண்டு அமர்வாகப் பாருங்கள்

ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம். பூதங்கள் கப்பலேறித் தீவுக்கு வந்து, கோட்டையில் எல்லோரும் கூடிவிட்ட பிறகு ஒரு இடைவேளை விடுங்கள். நடுப்பகுதி கொஞ்சம் இழுக்கும், உண்மைதான். பாடல்களில் ஒன்றிரண்டு கதையை நிறுத்திவிடுகின்றன. ஆனால் எலும்புக்கூடுகள் பீட்டில்ஸ் இசைக்குழுவின் பாணியில் முடி வைத்துக்கொண்டு வாசிக்கும் பாட்டைத் தள்ளிவிட்டுவிடாதீர்கள், 1960-களின் இளமை முழுவதும் அதில் இருக்கிறது. தலைப்புப் பாடலைப் பாடியவர் ஜாஸ் பாடகி எத்தெல் எனிஸ், இசை மோரி லாஸ்.

இரண்டாம் அமர்வில் கண்ணைக் கதையிலிருந்து எடுத்து, பொம்மைகள் மேல் வையுங்கள். எதைப் பார்ப்பது?

முதலில் உடல்வாகு. பாத்திரங்களை வரைந்து கொடுத்தவர் ஜாக் டேவிஸ், 'மேட்' என்ற அமெரிக்க நகைச்சுவைப் பத்திரிகையின் ஓவியர். திரைக்கதையில் கைவைத்த இருவரில் ஒருவர் அதே பத்திரிகையை 1952-இல் தொடங்கிய ஹார்வி கர்ட்ஸ்மேன், இன்னொருவர் லென் கொரோப்கின். டேவிஸின் ஆட்களுக்குத் தலை பெரிது, கால் குச்சி, பாதம் மறுபடி பெரிது. தாளில் பேனாவால் இழுத்த கோடு அப்படியே எழுந்து நிற்கிற மாதிரி இருக்கும்.

அப்புறம் கண்ணுக்குத் தெரியாத மனிதன். இவன் வரும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். தலையில் சிவப்புத் துருக்கித் தொப்பி, கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கண்ணாடி, கீழே ஒரு அங்கி. நடுவில் ஒன்றுமே இல்லை. மற்ற பொம்மைகளுக்கு வாயும் கண்ணும் இருக்கின்றன, புருவத்தை உயர்த்திக் கோபத்தைக் காட்டிவிடலாம். இவனுக்கு முகமே கிடையாது. தொப்பி சாயும் விதம், கண்ணாடி திரும்பும் கோணம், கைச்சட்டையின் அசைவு, அவ்வளவில் ஒரு தடித்த, சுகவாசியான மனிதன் நம் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். நடிப்பு என்பது முகத்தில் மட்டும் இல்லை என்று பிள்ளைக்குப் புரியவைக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, நடுக்கம். துணியும் முடியும் சில இடங்களில் காற்றே இல்லாமல் சிலுசிலுக்கும். பொம்மையைத் தொட்ட விரல் ஒவ்வொரு முறையும் துணியைத் துளி கலைத்துவிடுவதால் வருவது அது. கணினியில் செய்த படங்களில் இதைப் பார்க்க முடியாது. குறையாக நினைக்காதீர்கள். திரையில் ஆளே தெரியாத ஒரு கலைஞரின் கை அங்கே இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. நம் பொம்மலாட்டத்தில் நூலைப் பிடித்தவரின் கை அந்த நேரத்திலேயே அசைகிறது. இதிலோ கை வந்து போனபிறகுதான் கேமரா கண்ணைத் திறக்கிறது.

அந்தக் கைகள் ஜப்பானியர்களுடையவை. படத்தின் எழுத்தும் குரலும் அமெரிக்காவில் முடிந்தபின், பொம்மை வேலை டோக்கியோவில் நடந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் தடாஹிதோ மோச்சினாகா. 1919-இல் பிறந்தவர். போர் முடிந்த காலத்தில் சீனாவில் தங்கி, அங்கே பொம்மைப் படம் உருவாகக் கைகொடுத்தவர். 1953-இல் ஜப்பான் திரும்பினார். ராங்கின், பாஸ் இருவரும் 1960 வாக்கிலிருந்தே தங்கள் பொம்மைத் தயாரிப்புகளை அவருடைய ஸ்டூடியோவில் செய்தார்கள். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் தோறும் ஒளிபரப்பாகும் 1964-இன் 'ருடால்ஃப்' என்ற சிவப்பு மூக்குக் கலைமான் பொம்மைப் படமும் அங்கே பிறந்ததுதான். தங்களுக்கு அந்நியமான மொழியின் ஒலிப்பதிவை முன்னால் வைத்துக்கொண்டு, எந்த எழுத்துக்கு எந்த வாய் வடிவம் என்று கணக்குப் போட்டு, அமெரிக்க நகைச்சுவையை அசைவாக மாற்றியிருக்கிறார்கள். ஆனால் படத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பெயர்களோடு நிறுத்திவிடுகிறார்கள். உங்கள் வீட்டிலாவது மோச்சினாகாவின் பெயரைச் சொல்லுங்கள்.

கணக்கும் போட்டுக் காட்டலாம். திரையில் வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். 95 நிமிடப் படம் என்று வைத்தால் 1,36,800 ஃபிரேம். ஒரு நிலையை இரண்டு ஃபிரேமுக்கு எடுத்தார்கள் என்று கொண்டாலும் 68,400 தடவை யாரோ குனிந்து, பொம்மையைத் தொட்டு, விலகியிருக்க வேண்டும். விருந்துக் காட்சியில் பத்துப் பொம்மைகள் ஒரே நேரத்தில் அசைகின்றன என்றால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

படி 6: அடுத்த நாள், ஐந்து வினாடி நீங்களே எடுங்கள்

பார்த்ததோடு விடாமல் இதைச் செய்தால்தான் பிள்ளைக்குப் படம் உண்மையில் புரியும். ஒரு கைபேசி, கட்டணமில்லாத ஸ்டாப் மோஷன் செயலி ஒன்று, கொஞ்சம் மாடலிங் கிளே, மெல்லிய அலுமினியக் கம்பி போதும். கம்பியை முறுக்கி எலும்புக்கூடு மாதிரி வளைத்து, மேலே கிளே பூசினால் பொம்மை தயார். பாதத்தைப் பெரிதாகச் செய்யுங்கள். பெரிய பாதம் இருந்தால் பொம்மை விழாது. பழைய துணிக் கிழிசலைச் சுற்றிவிட்டால் மம்மி ஆகிவிடும். முகம் சரியாக வரவில்லை என்ற கவலையும் கிடையாது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மம்மியைத்தான் நான் சொல்வேன்.

கைபேசியை அசையாதபடி நிறுத்துங்கள். ஸ்டாண்டு இல்லாவிட்டால் இரண்டு அடுக்குப் புத்தகங்களுக்கு நடுவே செருகலாம். ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு படமும் ஒரு நிறத்தில் வரும். ஜன்னல் திரையை இழுத்து மூடி, ஒரே விளக்கில் எடுங்கள். சூரியன் நகர்ந்துகொண்டே இருக்கும், மேகம் வரும், படம் மின்னும். மேலே சுற்றும் மின்விசிறியைக் கட்டாயம் நிறுத்துங்கள். அதன் நிழலும் காற்றும் இரண்டுமே எதிரி. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றால் அதுவும் வெளிச்சத்தைப் பிரதிபலிக்கும், அடர்நிறத்தில் உடுத்துங்கள்.

செயலியை வினாடிக்கு 12 படம் என்று வையுங்கள். ஐந்து வினாடிக்கு 60 படம். மம்மி எழுந்து இரண்டடி நடந்து திரும்பிப் பார்க்கட்டும், அதற்கு மேல் வேண்டாம். அசைவு தொடங்கும்போதும் முடியும்போதும் மிகச் சிறிதாக நகர்த்துங்கள், நடுவில் அதிகம் நகர்த்துங்கள். எல்லாம் ஒரே அளவாக இருந்தால் பொம்மை உயிரில்லாமல் வழுக்கிப் போகும். திரும்பிப் பார்த்தபின் ஆறு, ஏழு படங்களுக்கு எதையும் தொடாதீர்கள். அந்த நிறுத்தத்தில்தான் பொம்மை எதையோ யோசிக்கிற மாதிரி தோன்றும். அவசரப்படும் பிள்ளைகள் இதைத்தான் தவறவிடுவார்கள்.

நடுவில் யாராவது மேஜையை இடித்துவிட்டால், செயலியில் முந்தைய படத்தை மங்கலாக மேலே காட்டும் வசதியைத் திறந்து, பொம்மையை அதே இடத்துக்குக் கொண்டுவந்து தொடரலாம். முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை.

அப்புறம் என்ன பார்ப்பது?

பிள்ளைகளுக்குப் பொம்மைகள் பிடித்துப்போனால் 'ருடால்ஃப்' படத்துக்குப் போங்கள். நீளம் குறைவு, கதை எளிது, ஐந்து வயதுப் பிள்ளையும் பார்க்கலாம். பூதங்கள் பிடித்துப்போனால், பத்து வயதுக்கு மேற்பட்டவர்களோடு 1931-இன் 'ஃபிராங்கன்ஸ்டைன்'. கறுப்பு வெள்ளை, சுமார் 70 நிமிடம், கார்லாஃப் ஒரு வார்த்தை பேச மாட்டார். இந்தப் படத்தில் அந்தக் குரலை அவ்வளவு நேரம் கேட்டுவிட்டுப் போய், அதே மனிதர் பேச்சே இல்லாமல் வெறும் கையையும் கண்ணையும் வைத்து நடிப்பதைப் பார்க்க வேண்டும். குரங்கு பிடித்துப்போன பிள்ளைக்கு 1933-இன் காங்தான். அதன் முடி சிலுசிலுப்பதை இந்த முறை அவர்களே உங்களுக்குக் காட்டுவார்கள்.